வெறுங்கையோடு ஓர் அழைப்பு

பறவையிடம் பொய் சொல்லலாமா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் சிறு வயதில் மனதில் விழுந்த இக்கேள்வி, தலை நரைத்த பின்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, கொத்மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தார். 1979இல் அணைக்கட்டு வேலை தொடங்குவதற்கு முந்திய காலம் அது. பள்ளத்தாக்கின் வயல்கள் இன்னும் தண்ணீருக்குள் போயிருக்கவில்லை. கடைக்குப் பின்னால் தேயிலை, தேயிலை முடிகிற இடத்தில் காடு. அந்தக் காட்டு விளிம்பில் காட்டுக்கோழிகள் மேயும். சிங்களத்தில் 'வலி குகுளா' என்பார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. சேவலின் சிவப்புக் கொண்டைக்கு நடுவே மஞ்சள் தீற்றியிருக்கும். இன்று அது நாட்டின் தேசியப் பறவை. அதைச் சுடுவது குற்றம். அன்றும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்குக் கட்டளைச் சட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் காடு பக்கத்திலும் சட்டம் தூரத்திலும் இருந்தன.

சாச்சாவிடம் ஒரு பழைய துவக்கு இருந்தது. அதைவிடப் பெரிய ஆயுதம் அவருடைய உள்ளங்கை. கூவுவதற்கு முன் சேவல் சிறகை அடித்துக்கொள்ளும். 'இது என் இடம்' என்று அதற்கு அர்த்தம். சாச்சா சாரத்தை மடித்துக் கட்டி, பாறைக்குப் பின்னால் குந்தியிருந்து, கையைக் குவித்துத் தொடையில் அடிப்பார். அப்படியே சிறகொலி. எந்தப் பக்கத்துச் சேவலுக்கும் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. தன் எல்லைக்குள் வந்தவன் யாரென்று பார்க்க வரும்.

"மூணு தட்டு. பொறகு சும்மா இரு. கூடக் கூப்பிட்டா அதுக்கு வெளங்கிடும் மகன்" என்பார். அவருடைய வித்தையில் தட்டுவது கால் பங்கு, காத்திருப்பது முக்கால் பங்கு. சேவல் விழுந்ததும் கத்தியோடு ஓடுவார். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் வீட்டில், உயிர் போகுமுன் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அது சட்டிக்குப் போகும். பிந்திவிட்டால் இறைச்சி நாய்க்கு, வருத்தம் சாச்சாவுக்கு.

பிற்காலத்தில் அமெரிக்கக் காட்டு வான்கோழி வேட்டையைப் பற்றி வாசித்தபோது, சாச்சாவின் பாறை நினைவுக்கு வந்தது. மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியை நாம் பள்ளியிலேயே கேலி செய்து படித்தோம். அங்கே மனிதன் வான்கோழியைப் போல் பேசப் பழகுகிறான்; அதை யாரும் கேலி செய்வதில்லை. அதற்கென்று கருவிகளே உண்டு. மரப்பெட்டியின் மூடியில் சுண்ணக்கட்டியைப் பூசி விளிம்பில் உரசினால் பெட்டைக்கோழியின் குரல் வரும். இத்தகைய பெட்டிக்கு ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹென்றி கிப்சன் என்பவர் 1897இல் காப்புரிமை பெற்றார். கற்பலகையைக் குச்சியால் கீறி எழுப்பும் ஒலி மென்மையானது. பறவை கிட்ட வந்த பிறகு அதுவே பொருத்தம். காற்றடிக்கும் நாளில் பெட்டிதான் தூரம் கேட்கும். துவக்கைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமென்றால், வாய்க்குள் அண்ணத்தில் ஒட்டவைக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முந்தியது அம்மண்ணின் பூர்வகுடிகள் செய்த ஊதுகுழல். அது வான்கோழியின் சிறகெலும்பால் ஆனது. இறந்த பறவையின் எலும்பைக் கொண்டு உயிரோடிருக்கும் அதன் இனத்தை அழைப்பது.

கருவியைத் தெரிவு செய்வது சுலபம், அடக்கம் பழகுவதுதான் கஷ்டம் என்கிறார்கள். இயற்கையில் சேவல் நின்று குரல் கொடுக்கும், பெட்டை தேடிப் போகும். வேட்டைக்காரனோ பெட்டையின் குரலைக் காட்டிச் சேவலை வரச் சொல்கிறான். ஆகவே கெட்டிக்காரன் கொஞ்சமாகக் கூப்பிட்டு நிறுத்திவிடுவான். அந்த மௌனத்தில் சேவலின் பொறுமை கெடும். கொத்மலையில் சாச்சா சொன்ன அதே பாடம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சாச்சாவின் சேவல் கோபத்தில் வந்தது, அந்த வான்கோழி ஆசையில் வருகிறது. ஆனால் இரண்டும் வருவதற்குக் காரணம் ஒன்றே: அழைப்பது தன் இனம் என்ற நம்பிக்கை.

இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கும் பழக்கம் நமக்கும் புதியதல்ல. வேடர்கள் பழக்கி வைத்துக் காட்டும் மிருகத்துக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர் இருந்தது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். இதைப் பொய் என்று சொல்லலாமா? தூண்டிலில் புழுவைக் கோத்து மீனுக்குக் காட்டுகிறோம். வலையை இலையால் மறைக்கிறோம். வேட்டையை மார்க்கம் ஆகுமாக்கியிருக்கும்போது, மறைந்திருப்பதும் ஏமாற்றுவதும் அதற்குள் அடங்கித்தானே இருக்கின்றன? பறவையோடு நமக்குப் பேச்சு ஒப்பந்தம் எதுவுமில்லை. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை.

ஆனாலும் இரண்டு ஹதீஸ்கள் என்னை யோசிக்க வைக்கின்றன. ஒன்று அபூ கதாதா (ரலி) அவர்களின் சம்பவம். இஹ்ராம் அணிந்த தோழர்களோடு, இஹ்ராம் அணியாத அவர் பயணம் போகையில் ஒரு காட்டுக் கழுதையை வேட்டையாடினார். அந்த இறைச்சியைத் தோழர்கள் உண்ணலாமா என்ற கேள்வி வந்தபோது, உங்களில் யாராவது அதை வேட்டையாடும்படி சொன்னீர்களா, அதைச் சுட்டிக் காட்டினீர்களா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்றதும் உண்ண அனுமதித்தார்கள். விரலை நீட்டிக் காட்டுவதும் ஒரு செயல், அதற்கும் கணக்குண்டு என்பது அதிலிருந்து விளங்குகிறது. விரலுக்கே கணக்கென்றால் குரலுக்கு இல்லாமல் போகுமா?

மற்றது அபூதாவூதில் வருவது. ஒரு தாய் தன் சிறு மகனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைக்கிறார். என்ன கொடுக்க நினைத்தீர் என்று நபியவர்கள் கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்கிறார்கள் நபியவர்கள். ஏமாந்ததைக்கூட அறியாத வயதுடைய குழந்தை. அதனிடம் கையை வெறுமையாக வைத்துக்கொண்டு அழைத்தாலும் பொய் பொய்தான். கேட்பவருக்கு விளங்குமா விளங்காதா என்பது அங்கே அளவுகோல் அல்ல. அழைப்பவரின் கையில் என்ன இருந்தது என்பதே அளவுகோல்.

சாச்சா இந்த ஹதீஸை அறிந்திருந்தாரோ என்னவோ. ஒரு பெருநாள் விடுமுறையில் கண்டியிலிருந்து உறவுக்காரப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வித்தை காட்டச் சொல்லி அவரைப் பிடுங்கினார்கள். துவக்கு இல்லாமல் போய், பாறைக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்து, தொடையில் தட்டினார். சேவல் வந்தது. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு இங்குமங்கும் ஓடியது. எதிரியைக் காணாமல் செடி செடியாகத் தேடியது. வெகுநேரம் அது போகவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில் சாச்சா பேசவில்லை. கடை வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்: "சுட்டது வயித்துக்கு. இது என்னத்துக்கு?"

அதன் பிறகு அவர் கோழி அழைத்ததை நான் பார்க்கவில்லை. அவரை உறுத்தியது கொன்றதல்ல, சும்மா கூப்பிட்டது. இன்று துவக்கில்லாதவர்களும் கைத்தொலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் படமெடுக்கிறார்கள். இரத்தம் சிந்தவில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருக்கலாம். மேய்ச்சலையும் குஞ்சையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடும் அந்தப் பறவையின் நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

இதைப் பறவையோடு முடித்துவிட முடியாது. நான் சொல்வது தேயிலை மலையின் கதையும்கூட. கோப்பிக் காலம் தொட்டுத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இம்மலைகளுக்கு ஆள் பிடித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் அல்லர். கங்காணிகள் பிடித்தார்கள். அதே ஊர், அதே மொழி, பல சமயம் அதே சொந்தம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற பேச்சை வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? மாமா சொன்னார், மச்சான் சொன்னான், நம்பினார்கள். ஆரம்ப காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். அழைத்த குரல் தன் இனத்தின் குரலாக இருந்தது.

இதை எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி வாசிப்பு அல்ல. 1990களில் நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். வெளிநாட்டுக்குப் பணிப்பெண்களை அனுப்பும் ஒருவர் வந்தார். பள்ளிவாசலில் பக்கத்து ஸப்பில் நிற்பவர். ஒரு லயத்துத் தாய் மகளை அனுப்பத் தயங்குவதாகவும், நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமென்றும் கேட்டார். முகத்தை முறிக்க மனமில்லாமல் போனேன். "நல்ல எடந்தான், பயப்படாதீங்க" என்றேன். அந்த வீட்டைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சதமும் நான் வாங்கவில்லை. வாங்காததால் குற்றமில்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். வாங்காத கையும் வெறுங்கைதான் என்பது பிறகுதான் விளங்கியது.

"சேர் சொன்னா சரிங்க" என்றாள் தாய். மகள் இரண்டு வருடம் கழித்து எட்டு மாதச் சம்பளத்தோடு வந்து சேர்ந்தாள். முன்போல யாரோடும் பேசுவதில்லை.

பறவையைப் பசிக்காக அழைப்பவனை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் இனத்தின் குரல் என்று ஓர் உயிர் நம்பி வருவது ஓர் அமானிதம். குரலை இரவல் கொடுப்பதற்கு முன் கையில் என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொள்வது கடமை. கை வெறுமையானால் வாயை மூடிக்கொள்வதே மேல்.

அந்தத் தாய் அதன் பிறகும் என்னை வழியில் கண்டால் முக்காட்டைச் சரிசெய்து "சேர், சொகமா?" என்று கேட்பாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு அந்தச் சேவலும் செடியெல்லாம் தேடியது. நாங்கள் குந்தியிருந்த பாறைப் பக்கம் மட்டும் திரும்பியே பார்க்கவில்லை.