களனி கடலில் சேரும் இடம்

முகத்துவாரம், கொழும்பு 15. மண்ணிறத் தண்ணீர் மெதுவாக வருகிறது. சற்றுத் தள்ளி ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் பச்சை.

கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. வைகாசி மழையில் கடலுக்குள் தள்ளிப் போகிறது. மாசியில் ஆற்றுக்குள் ஏறி வருகிறது.

உதட்டில் உப்பு. காலடியில் ஈர மணல். மூச்சு வருகிறது. போகிறது.

*

ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்திருக்கிறார். உடம்பு திரும்புகிறது. வலை விரிந்து விழுகிறது.

இழுக்கிறார். இரண்டு மடவை. ஒரு யோகட் கோப்பை.

மீன் பைக்குள் போகிறது. கோப்பை கரைக்குப் போகிறது. அங்கே ஏற்கனவே ஒரு குவியல்.

வலையை உதறுகிறார். மறுபடி பல்லில் நுனி.

*

சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து இங்கே 145 கிலோமீற்றர்.

மேலே இரண்டு ஓயாக்கள், சிற்றாறுகள். கெசல்கமுவ ஓயா, மஸ்கெலியா ஓயா. பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா. தேயிலையில் விழும் மழையும் லயத்துத் தகரத்தில் விழும் மழையும் ஒரே கானில் இறங்குகின்றன.

பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 1960களின் கடைசியிலிருந்து.

கடும் வறட்சியில் தண்ணீர் இறங்குகிறது. கோயில் தெரிகிறது. விகாரை தெரிகிறது. பள்ளிவாசல் தெரிகிறது. ஆட்கள் வெடித்த சேற்றில் நடந்துபோய்ப் பார்க்கிறார்கள். பேசாமல் நிற்கிறார்கள்.

மழை வருகிறது. மூடிக்கொள்கிறது.

லக்சபானவில் 1950 முதல் இந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டு ஜன்னலில் பகலிலும் விளக்கு எரிகிறது. அதற்குள் இந்த ஆறும் கொஞ்சம்.

*

ஜம்பட்டா வீதி. காலை. கடையின் ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது.

பையன் வாளியில் தண்ணீர் பிடித்து வாசலைக் கழுவுகிறான். விளக்குமாற்றின் சத்தம். கழுவி முடித்து, குழாயடியில் குனிந்து, கையைக் குவித்துக் குடிக்கிறான். தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகுகிறது.

ஊர் மஸ்கெலியா. தீபாவளிக்குப் போனவன். அடுத்தது சித்திரைக்கு.

குழாய்த் தண்ணீர் அம்பத்தலையிலிருந்து வருகிறது. அங்கே களனியை அள்ளி, வடித்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். கொழும்பு குடிப்பதில் பெரும்பங்கு அதுதான்.

அவனுடைய ஊர் மழை அவன் குவித்த கையில் இருக்கிறது. அவன் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் வாயைத் துடைத்துக்கொள்கிறான்.

*

மழை பிந்தினால் கடல் ஆற்றுக்குள் வருகிறது. உப்பு அம்பத்தலை வரை ஏறுகிறது.

முன்பு ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கினார்கள். உப்பு கீழே நின்றது. நன்னீர் மேலே நின்றது.

மணல் தோண்டித் தோண்டி ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டது. கடலுக்கு வழி எளிதாகிவிட்டது. தோண்டிய மணல் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. மாடிவீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன.

*

நாகலகம் வீதி. ஆற்றின் உயரத்தை இங்கே அடிக்கணக்கில் சொல்கிறார்கள். 5 அடி சிறு வெள்ளம். 7 அடி பெருவெள்ளம்.

2016 மே. 7 அடி தாண்டுகிறது. கொலன்னாவையில், வெல்லம்பிட்டியில், களனியில் கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆட்கள்.

இப்போதும் வானம் கறுத்தால் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். றேடியோ மெல்ல ஒலிக்கிறது. ஒரு பெண் கட்டிலின் கால்களுக்குக் கீழே கல் வைக்கிறாள். ஒன்று. இரண்டு. கையால் அமுக்கி, ஆடுகிறதா என்று பார்க்கிறாள். அடுத்த காலுக்குப் போகிறாள்.

*

1822. கிராண்ட்பாஸ். படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு, மேலே பலகை போட்டு, ஒரு பாலம். ஆற்றுப் படகு வந்தால் நடுவே விலக்கி வழிவிடுகிறார்கள்.

1895. விக்டோரியா பாலம். இரும்பு.

பிறகு கொங்கிரீட். 2021 இல் கம்பிகள் தாங்கும் புதிய பாலம்.

எல்லாவற்றிலும் படகுப் பாலமே மனதில் நிற்கிறது. ஆறு ஏறினால் அதுவும் ஏறியது. ஆறு இறங்கினால் இறங்கியது.

*

2021 மே 20. எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புக்கு அப்பால் எரியத் தொடங்குகிறது. ஜூனில் மூழ்குகிறது.

ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். கரையெல்லாம் வெள்ளை. மீன் பிடிக்கத் தடை. தடை இல்லாத இடத்து மீனையும் வாங்க ஆளில்லை.

மணலை ஒரு கை அள்ளுகிறேன். விரல் இடுக்கால் விழவிடுகிறேன். சிப்பித் தூள். கருமணல். ஒரு வெள்ளை மணி தங்குகிறது. எடை இல்லை. அது மணலா மணியா என்று கைக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத்தான் தெரிகிறது.

*

ஆடி அமாவாசை. கொட்டாஞ்சேனைச் சந்தையில் காத்தோட்டிக்காய் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து. கசப்பு.

தகப்பன் இல்லாதவர்கள் முகத்துவாரத்துக்கு வருகிறார்கள். வேட்டி. விரலில் தர்ப்பை. எள்ளும் தண்ணீரும்.

ஐயர் பெயர் கேட்கிறார். கோத்திரம் கேட்கிறார். சிலர் சிவ கோத்திரம் என்கிறார்கள்.

சிலருக்கு இறந்த திகதி தெரியும். சிலருக்கு மாதம் மட்டும். 1983, ஆடி. கலவரம்.

எள் சற்று மிதக்கிறது. கோட்டுக்குப் போகிறதா கரைக்குத் திரும்புகிறதா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. தலை நனைத்து, ஈரத்தோடு ஏறி வருகிறார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பஸ்ஸுக்கு நடக்கிறது. சின்னப் பையனின் கையில் தர்ப்பை மோதிரம் ஒன்று. விளையாடுகிறான். யாரும் பறிக்கவில்லை.

*

உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நினைவு வருகிறது. இருக்கட்டும் என்று விடுகிறேன். அது போகாமல் பக்கத்தில் உட்காருகிறது.

தெற்கே துறைமுகத்தின் கிரேன்கள். அசைவது தெரியாமல் அசைகின்றன.

காகங்கள். நாய் ஒன்று ஈரத்தில் படுக்கிறது.

இந்த ஆற்றிடமிருந்து தண்ணீர் எடுக்கிறோம். மணல் எடுக்கிறோம். வெளிச்சம் எடுக்கிறோம். கொடுப்பது குப்பை. இதை எழுதும்போது கை சற்று அழுத்துகிறது. எழுதியது இருக்கட்டும்.

*

எதிர்க்கரை ஹெந்தளை. தென்னைகள்.

1708 இல் ஒல்லாந்தர் அங்கே தொழுநோயாளருக்கு ஓர் இல்லம் கட்டுகிறார்கள். நகரம் இந்தப் பக்கம். நோயாளர் அந்தப் பக்கம். நடுவே ஆறு.

ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தோணி ஏறிய தாய் ஒருத்தியாவது இருந்திருப்பாள். முகம் இந்தக் கரையைப் பார்த்தபடி. துடுப்பின் சத்தம் மட்டும்.

இப்போது மட்டக்குளியில் பாலம் இருக்கிறது. பஸ் சில நிமிடத்தில் கடக்கிறது. ஜன்னலோரத்தில் இருப்பவர் போனைப் பார்க்கிறார்.

ஹெந்தளையில் அந்த வைத்தியசாலை இன்னும் இருக்கிறது. தொழுநோய்க்கு இன்று 6 முதல் 12 மாதம் மாத்திரை. வீட்டிலிருந்தே எடுக்கலாம். அரச வைத்தியசாலையில் இலவசம்.