வளர்த்த கிளப்புக்கு என்ன பங்கு?

வெஸ்டன் மெக்கென்னி பதினெட்டு வயதை எட்டிய 2016ஆம் ஆண்டில் டெக்சாஸை விட்டு ஜெர்மனியின் ஷால்கே கிளப்புக்குப் போனார். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் எஃப்சி டல்லாஸ் அகாடமியில் ஆடியவர். அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான எம்.எல்.எஸ். கிளப்புகள் தங்கள் அகாடமி அணிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. கோச்சின் சம்பளம், மைதானம், பயணம் எல்லாம் கிளப்பின் செலவு. அவற்றில் ஒன்றான டல்லாஸ் நீட்டிய தொழில்முறை ஒப்பந்தத்தில் மெக்கென்னி கையெழுத்திடவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் காத்திருந்த இடத்தையும் வேண்டாம் என்றார். அவர் போனதில் டல்லாஸுக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை. நான்கே ஆண்டுகளில் இத்தாலியின் யுவென்டஸ் அவரை 45 லட்சம் யூரோவுக்கு ஒரு சீசன் இரவலாக வாங்கியது. 2021 மார்ச்சில் மேலும் 1.85 கோடி யூரோவுக்கு நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டது. அந்தப் பணம் ஷால்கேயின் கணக்கில் சேர்ந்தது.

இதில் அநீதி இருக்கிறதா? இருந்தால், அதைச் செய்தவர் யார்?

வீரர்தான் என்று சொல்ல ஆள் உண்டு. வளர்த்தவர்களை விட்டு ஓடிவிட்டான் என்பது எல்லா ஊரிலும் காதில் விழும் பேச்சு. ஆனால் பதினோரு வயதில் ஓர் அகாடமிக்குள் நுழையும் சிறுவன் எந்த வாக்கும் கொடுத்து நுழைவதில்லை. அவனுடைய எதிர்காலத்தை அடமானம் வைக்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை, கிளப்புக்கும் இல்லை. நன்றி என்பது மனம் கனிந்து தருவது. ரசீது போட்டு வசூலித்தால் அது வரியாகிவிடும். ஆகவே மெக்கென்னி யாருக்கும் துரோகம் செய்யவில்லை என்று தயங்காமல் சொல்லலாம். யுவென்டஸில் ஆடிய முதல் அமெரிக்க வீரர் என்ற பெயரையும் அவர் தன் கால்களால்தான் சம்பாதித்தார்.

ஆனால் விஷயம் அங்கே முடிந்துவிடவில்லை. வீரருக்குக் கடன் இல்லை என்பதால், அவரை விற்று வந்த பணம் முழுக்கக் கடைசியில் விற்றவருக்கே உரியது என்று ஆகிவிடாது. யுவென்டஸ் விலை கொடுத்த திறமையில் ஷால்கேயின் பங்கு நான்கு ஆண்டு. டல்லாஸின் பங்கு ஏழு ஆண்டு. ஆராய வேண்டியது வீரரின் விசுவாசத்தை அல்ல, கிளப்புகளுக்கு இடையிலான பங்கீட்டை.

சர்வதேசக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா 2001இல் இதற்கென இரண்டு ஏற்பாடுகளை விதியாக்கியது. முதலாவது, பயிற்சி ஈட்டுத்தொகை. ஓர் இளைஞர் வேறு நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, எடுத்துக்கொள்ளும் கிளப், வளர்த்த கிளப்புகளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். ஐரோப்பாவின் உயர்நிலைக் கிளப் என்றால் ஓர் ஆண்டுப் பயிற்சிக்கு 90,000 யூரோ. பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையிலான ஆண்டுகளுக்கு மட்டும் 10,000. இரண்டாவதை சாலிடாரிட்டி தொகை என்கிறார்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், விலையில் 5 சதவீதம் தனியே எடுக்கப்பட்டு, அவர் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை எங்கெங்கே ஆடினாரோ அந்தக் கிளப்புகளுக்கு ஆண்டுக்கணக்கில் பிரித்துத் தரப்படும். இந்தக் கணக்குப்படி மெக்கென்னியின் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையிலான ஆண்டுகளுக்கு விலையில் 2 சதவீதம் வரும். 1.85 கோடியில் அது 3,70,000 யூரோ. ஷால்கே போன்ற கிளப்புக்கு இது சில்லறை. ஒரு சிற்றூர்க் கிளப்பின் கைக்கு இத்தகைய தொகை வந்தால் பத்து ஆண்டுச் செலவு தீரும்.

உலகம் முழுவதும் ஓடிய இந்த விதி அமெரிக்காவில் மட்டும் நெடுங்காலம் ஓடவில்லை. நாட்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு இது முரணாகலாம் என்று சொல்லி அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு விலகி நின்றது. வீரர் சங்கமும் எதிர்த்தது. 2014இல் டிஆண்ட்ரே யெட்லின் சியாட்டிலிலிருந்து லண்டனின் டாட்டன்ஹாமுக்கு விற்கப்பட்டபோது, சிறுவயதில் அவரைப் பயிற்றுவித்த வாஷிங்டன் மாநிலத்துக் கிளப்பான கிராஸ்ஃபயர் பிரீமியர் தன் பங்கைக் கேட்டு ஃபிஃபாவின் கதவைத் தட்டியது. 2016இல் விவகாரம் இன்னும் விசித்திரமானது. கிராஸ்ஃபயர், டல்லாஸ் டெக்சன்ஸ், சிகாகோ பக்கத்து சாக்கர்ஸ் எஃப்சி ஆகிய மூன்று கிளப்புகள் டெக்சாஸ் நீதிமன்றத்துக்குப் போயின. எதிர்மனுதாரர்களாக வீரர் சங்கத்தோடு யெட்லின், கிளின்ட் டெம்ப்சி, மைக்கேல் பிராட்லி ஆகிய மூன்று வீரர்களின் பெயர்களும் இருந்தன.

மூன்று வீரர்களும், அவர்களைச் சிறுவர்களாகப் பார்த்த மூன்று கிளப்புகளும் எதிரெதிரே நின்ற வழக்கு இது. பிராட்லி, அமெரிக்க நடுக்கள வீரர்களில் ஐரோப்பாவை அதிகம் சுற்றியவர்களில் ஒருவர். நெதர்லாந்தின் ஹீரன்வீன், ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக், இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா, இத்தாலியின் கியேவோ, ரோமா என்று எட்டு ஆண்டுகள் ஆடிவிட்டு 2014இல் டொரன்டோவுக்கு வந்தார். வழக்கில் அவருடைய பையிலிருந்து ஒரு டாலரும் கேட்கப்படவில்லை. சாலிடாரிட்டி தொகை சட்டவிரோதம் அல்ல என்று நீதிமன்றம் அறிவித்தால் போதும் என்பதே கோரிக்கை. இருந்தும், பழைய கிளப் எதிர்மனுதாரர் பட்டியலில் தன் பெயரைப் போட்டதைப் பார்க்கும் வீரருக்கு அந்தச் சட்ட நுணுக்கம் ஆறுதல் தராது. மறு ஆண்டே வழக்கு தள்ளுபடி ஆனது. கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

டெம்ப்சியின் கதை இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. கிழக்கு டெக்சாஸின் நாகடோச்சஸ் ஊர்க்காரர் அவர். டல்லாஸ் டெக்சன்ஸ் அணியில் ஆட வேண்டுமானால் சில மணி நேரம் காரில் போய்வர வேண்டும். டென்னிஸில் பெயரெடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் செலவு செய்ய வேண்டியிருந்ததால் குடும்பத்தால் இரண்டையும் தாங்க முடியவில்லை. டெம்ப்சி அணியை விட்டு விலகினார். 1995இல் அக்கா இறந்த பிறகே திரும்பி வந்தார். அப்போதும் சக வீரர்களின் பெற்றோர் செலவுக்கும் பயணத்துக்கும் கைகொடுத்தார்கள். பின்னாளில் ஃபுல்ஹாமிலும் டாட்டன்ஹாமிலும் ஆடிய அந்தக் கால்களை வளர்த்தது யார்? கிளப்பா, பெட்ரோலுக்குப் பணம் கொடுத்த அந்தப் பெற்றோரா? ஃபிஃபாவின் படிவத்தில் கிளப்புக்குத்தான் கட்டம் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தின் தனிச் சிக்கல் இங்கேதான் வருகிறது. அங்கே இளையோர் கிளப்புகளில் பெரும்பாலானவை பெற்றோர் கட்டும் கட்டணத்தில் ஓடுபவை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர். காசு வாங்கிக்கொண்டு கற்பித்தவர், மாணவர் பிழைத்துவிட்டார் என்றதும் மறுபடி பங்கு கேட்கலாமா? டியூஷன் சென்டர் ஒன்று, தன்னிடம் படித்துப்போன டாக்டரின் வருமானத்தில் சதவீதம் கேட்பதைப் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், உடனே மறுக்க முடியாது. இந்த இடத்தில் துரோணரையும் ஏகலைவனையும் இழுப்பது எளிது. ஆனால் பொருந்தாது. துரோணர் கற்பிக்காமல் கேட்டார். இந்தக் கிளப்புகள் கற்பித்துவிட்டுக் கேட்கின்றன. கேட்பது தவறா என்பது, கற்பித்ததற்கு ஏற்கெனவே கூலி வந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது.

இதே கேள்வியை ஐரோப்பா வேறொரு மூலையிலிருந்து பார்த்திருக்கிறது. ஒலிவியே பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர் லியோன் கிளப்பில் மூன்று ஆண்டு பயிற்சி பெற்றார். அது நீட்டிய ஒப்பந்தத்தை ஏற்காமல் 2000இல் இங்கிலாந்தின் நியூகாஸிலுக்குப் போனார். லியோன் நஷ்டஈடு கேட்டது: 53,357 யூரோ, அதாவது அவர் கையெழுத்திட்டிருந்தால் ஓராண்டில் வாங்கியிருக்கக்கூடிய சம்பளம். 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் நிதானமான ஒரு தீர்ப்பைத் தந்தது. இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் கிளப்புகளுக்கு ஈட்டுத்தொகை கிடைப்பதில் தவறில்லை. ஆனால் அது உண்மையான பயிற்சிச் செலவைச் சார்ந்திருக்க வேண்டும். போனவரைத் தண்டிக்கும் நஷ்டஈடாக இருக்கக் கூடாது. செலவைக் கணக்கிடும்போது தொழில்முறை வீரராக ஆகாமலே போகும் மற்றப் பையன்களுக்கான செலவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சொன்னதில்தான் நியாயத்தின் சாரம் இருக்கிறது. ஓர் அகாடமியில் நூறு பேர் ஆடினால் ஒருவர் மெக்கென்னி ஆவதே அபூர்வம். மீதிப் பேருக்கும் அதே மைதானம், அதே கோச், அதே மழைநாள் பயிற்சி. ஒருவர் மூலம் வரும் பணம் அத்தனை பேருக்கான செலவை ஈடுகட்டாவிட்டால், கிளப் இரண்டில் ஒன்றைச் செய்யும். கட்டணத்தை ஏற்றும், அல்லது ஜெயிக்க வாய்ப்புள்ள நாலு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடும். இரண்டிலும் அடிபடுவது வசதியில்லாத வீட்டுப் பிள்ளை.

வீரர் சங்கத்தின் எதிர்ப்பையும் வெறும் சுயநலம் என்று ஒதுக்க முடியாது. பதினெட்டு வயதுப் பையனுக்கு விலைச்சீட்டு ஒட்டினால் வாங்க வருபவர் யோசிப்பார். மெக்கென்னிக்கு பயிற்சி ஈட்டுத்தொகை விதிப்படி கணக்கிட்டிருந்தால் இரண்டு லட்சம் யூரோவுக்கு மேல் வந்திருக்கும். ஷால்கே அதைக் கொடுத்தாவது எடுத்திருக்கும். ஆனால் அவரைவிட ஒரு படி கீழே, தேறுவானா மாட்டானா என்று தெரியாத இளைஞனுக்கு டென்மார்க்கிலோ ஆஸ்திரியாவிலோ ஒரு சிறிய கிளப் வாய்ப்பு தர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகையே கதவை மூடிவிடும். விதி தடுப்பது நட்சத்திரத்தை அல்ல, நட்சத்திரம் ஆகக்கூடும் என்ற நிலையில் நிற்பவனை. எம்.எல்.எஸ். 2019 ஏப்ரலில் தன் முந்தைய நிலையை மாற்றி, இனி இரண்டு தொகைகளையும் கேட்டு வாங்கப்போவதாக அறிவித்தபோது இந்த அச்சம் மறுபடி எழுந்தது.

ஆக, இரண்டு தொகைகளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. சாலிடாரிட்டி தொகை விலை ஒன்று உருவான பிறகு, அந்த விலையிலிருந்தே எடுக்கப்படுவது. அது யாருடைய முதல் வாய்ப்பையும் பறிப்பதில்லை. விற்கும் கிளப்பின் லாபம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அதை மறுப்பதற்கு அறத்தின் பக்கம் காரணம் எதுவும் இல்லை. கட்டணம் வாங்கிய கிளப்பும் அதைப் பெறலாம். ஆனால் பெற்றதை அடுத்த பிள்ளைகளின் கட்டணத்தில் கழிக்க வேண்டும், கணக்கைப் பெற்றோர் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பயிற்சி ஈட்டுத்தொகை வேறு. அது வாய்ப்பின் வாசலிலேயே வசூலிக்கப்படுவது. கட்டணம் வாங்காமல் வளர்த்த கிளப்புக்கு மட்டும், அதுவும் உண்மைச் செலவின் அளவுக்கு மட்டும் அது நியாயமாகும். பெற்றோரிடம் பணம் வாங்கிப் பயிற்றுவித்துவிட்டு, பையன் வெளிநாடு போகும்போது மறுபடி கை நீட்டுவது ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

இந்தக் கணக்குகளிலெல்லாம் வராத ஒரு கிளப்பும் இருக்கிறது. மெக்கென்னியின் தந்தை அமெரிக்க விமானப்படையில் பணியாற்றியவர். அவருக்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் வேலை கிடைத்ததால் குடும்பம் சில ஆண்டுகள் அங்கே வசித்தது. ஆறு வயதுப் பையன் முதன்முதலாக ஓர் அணியின் சட்டை போட்டு ஆடியது பக்கத்து ஊரான ஓட்டர்பாக்கில், எஃப்சி ஃபீனிக்ஸ் என்ற சிறிய கிளப்புக்காக. ஃபிஃபாவின் விதி பன்னிரண்டாவது வயதிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. அதனால் யுவென்டஸ் கொடுத்த விலையில் ஓட்டர்பாக்குக்கு உரிய பங்கு பூஜ்யம்.