உண்பவர் கடனும் ஊட்டுபவர் கடனும்

முதலாளி என்றால் தொந்தி இருக்க வேண்டும் என்று நம்மவர் எண்ணிய காலம் ஒன்றிருந்தது. கல்லாவில் அமர்ந்திருப்பவர் மெலிந்திருந்தால் வியாபாரம் படுத்துவிட்டதோ என்று சந்தேகிப்பார்கள். சபுரிலிருந்து ஊர் திரும்பியவர் கப்பலில் ஏறியபோது இருந்ததைவிட இளைத்து இறங்கினால் வீட்டார் கண்கலங்குவார்கள். அடுத்த இரண்டு மாதமும் நெய்ச்சோறும் கறியும் கொடுத்து அவரைப் 'பழைய ஆளாக்கி' அனுப்புவார்கள். சதை அன்றைக்கு ஆஸ்தியாகவே கணக்கிடப்பட்டது.

அந்தக் கணக்கு இன்று புரண்டுவிட்டது. 2017-ஆம் ஆண்டு தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவு நோயைப் பற்றி நெடுநேரம் பேசினார். சிங்கப்பூரரில் ஒன்பது பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர் என்றும், அறுபது வயதைக் கடந்த இந்தியரை மட்டும் எடுத்தால் பத்தில் ஆறு பேர் என்றும் அவர் சொன்ன கணக்கை நம்மில் பலர் வானொலியில் கேட்டோம். கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தேநீர் குடித்தோம்.

இதை நாம் எழுத நேர்ந்தது ஓர் அன்பரால். தேக்காவில் மளிகைக் கடை; குடியிருப்பு குவீன்ஸ்டவுனில். ஸ்டெர்லிங் ரோடு முஜாஹிதீன் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும் நாம் சிலர் சற்று நேரம் பேசியிருந்து பிரிவது வழக்கம். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 84 கிலோ, சர்க்கரை எல்லைக்கோட்டில். ஆறு கிலோ குறைத்தாக வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவருடைய உயரத்துக்கு 65 கிலோவைத் தாண்டினாலே ஆசிய மக்களுக்கு அபாயம் தொடங்குகிறது என்றும், 77-ஐத் தாண்டினால் மிகுகிறது என்றும் இங்குள்ள மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு இவ்வளவு கடுமை இல்லை. அதே எடையில் நம் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகமாம்.

குறைக்கச் சொல்வது சுலபம், எப்படிக் குறைப்பது? ஒரு நண்பர் சோற்றையே விடு என்றாராம். தமிழகத்தில் பேலியோ என்றும் மற்ற இடங்களில் கீட்டோ என்றும் சொல்லப்படும் முறை அது. மைத்துனர் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு எட்டு மணி நேரத்துக்குள் உண்ணச் சொன்னார். அண்ணன் மகள் எண்ணெயை நிறுத்தச் சொன்னாள். சரக்கு போடவரும் ஒருவர் பொட்டலம் போட்ட மாவு ஒன்றைச் சிபாரிசு செய்து, அதற்குத் தாமே ஏஜெண்ட் என்பதையும் தெரிவித்துக்கொண்டார். "இதில் எது சரி?" என்று அன்பர் கேட்டார்.

நாம் வைத்தியர் அல்லர். ஆயினும் வியாபாரி ஒரு சரக்கைக் கொள்முதல் செய்யுமுன் நாலு இடத்தில் விசாரிப்பது போல விசாரித்தோம்.

சோற்றையும் ரொட்டியையும் விடும் முறை புதிது அன்று. லண்டனில் சவப்பெட்டி செய்து சவ அடக்க ஏற்பாடுகளைக் கவனித்துவந்த வில்லியம் பேன்டிங் என்ற வர்த்தகர் 1863-இலேயே ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். குனிந்து காலணி வாரைக் கட்ட முடியாமலும், மாடிப்படியில் பின்புறமாக இறங்க வேண்டியதாகவும் இருந்த மனிதர் அவர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு மெலிந்ததை எழுதித் தம் செலவில் அச்சிட்டு முதலில் இனாமாகவே வழங்கினார். (இக்காலத்து மாவு ஏஜெண்டுகள் இதைக் கவனிப்பார்களாக.)

அவருக்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்சி உண்டாகி வாதாடிவருகிறது. கட்சிக்காரர் அல்லாதார் சோதித்த முடிவு என்ன? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் கொழுப்பையும் மறு பிரிவினர் மாவுச்சத்தையும் குறைக்கும்படி செய்து, ஓராண்டு கவனித்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். முன்னவர் சராசரியாக 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் குறைந்திருந்தனர். பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் அன்று என்று அவர்களே கூறிவிட்டனர். 2022-இல் சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து வந்த ஆராய்ச்சி, நேரத்தைச் சுருக்கி உண்பதைப் பற்றியது. 139 பேரும் ஒரே அளவு குறைத்து உண்டனர்; ஒரு பிரிவினர் மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்கு மணிக்குள் உண்டனர். ஓராண்டில் நேரக் கட்டுப்பாடு உள்ளவருக்கு 8 கிலோவும் இல்லாதவருக்கு 6.3 கிலோவும் குறைந்தன. இதுவும் உறுதியான வித்தியாசம் அன்று என்பதே முடிவு. பாஸ்டனில் 160 பேரை நான்கு பிரபல முறைகளில் விட்டுப் பார்த்து 2005-இல் எழுதினார்கள். எந்த முறையானாலும் அதை விடாமல் பிடித்தவருக்கே எடை குறைந்தது. ஓராண்டுக்குள் பத்தில் நால்வர் சோதனையை விட்டே போய்விட்டார்கள்.

இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கடையில் எந்த அலமாரிச் சரக்கைக் குறைத்து வாங்கினால் என்ன, கொள்முதல் விற்பனைக்குக் கீழே இருந்தால் இருப்பு கரையும். ஆகவே 'எந்த முறை' என்ற கேள்வியைவிட, 'எதை என்னால் விடாமல் பிடிக்க முடியும்' என்பதே பெரிய கேள்வி. ஒரு மனிதனால் எதை விடாமல் பிடிக்க முடியும் என்பது அவனை மட்டும் பொறுத்ததா? நம் கருத்து அங்கேதான் நிற்கிறது.

அன்பர் சோற்றை விடும் முறையைத் தேர்ந்தெடுத்தார். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது. பெரும்பகுதி உடலில் இருந்த நீர் என்று வைத்தியர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு உலை ஏறியது. மனைவி பிள்ளைகளுக்குச் சோறும் ஆனமும் ஆக்கி, இவருக்கென்று முட்டையும் இறைச்சியும் தனியே செய்தார். பிள்ளைகள் மேசையில் இருக்க, இவர் தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டார். காலைப் பசியாறலுக்குத் தோசை சுடும் மணம் வந்தால் எரிச்சல் வந்ததாம். ஐந்து வாரம் கழிந்தது. உறவினர் வீட்டுக் களரிக்குப் போனார். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். "நம்ம வீட்டுச் சோறு உங்களுக்கு இறங்காதா மச்சான்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு தட்டு பிரியாணியும் வட்டலப்பமும் உள்ளே போயின. மறுநாள் முதல் பழைய கதை. இரண்டு மாதத்தில் எடை 85.

தவறு யாருடையது? மனவுறுதி இல்லாதவர் என்று அவரைச் சொல்லிவிடலாம், அப்படித்தான் சொன்னோம். பின்னர் யோசித்தபோது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி), அபூதர்தா (ரலி) ஆகிய இருவரைப் பற்றி ஸஹீஹ் புகாரியில் வரும் சம்பவம் நம்மவர் அறிந்ததே. அபூதர்தா உணவை முன்வைத்துத் தாம் நோன்பிருப்பதாகக் கூற, நீர் உண்டாலன்றி நானும் உண்ணேன் என்று ஸல்மான் மறுத்துவிட்டார். அவரை உண்ணவைத்து, இரவில் உறங்கவும் வைத்து, இறைவனுக்கு உள்ளது போல உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமையைக் கொடும் என்று அறிவுறுத்தினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் சரி என்று ஒப்பினார்கள்.

இச்சம்பவத்தைக் காட்டியே விருந்தாளியின் தட்டில் இன்னொரு அகப்பையைக் கவிழ்ப்பாரும் நம்மிடையே உண்டு. நோன்பாளியையே உண்ணவைத்தார்களே, உங்களுக்கு என்ன என்பது அவர்கள் வாதம். அது சம்பவத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. ஸல்மான் கேட்டது உடலுக்குரிய உரிமையை. அன்று அந்த உடல் பட்டினியால் வாடியது. சோறு அதன் உரிமையாயிற்று. இன்று நம் அன்பருடைய உடல் மிகுதியால் வாடுகிறது. அதை விட்டுவைப்பதே அதற்குரிய உரிமை. ஆனால் சம்பவத்தின் மறுபாதி அன்பரையும் சுடுகிறது. மனைவிக்கு இரட்டை வேலை வைத்து, பிள்ளைகளின் பந்தியை விட்டு எழுந்துபோய் நடத்திய விரதத்தில் குடும்பத்தின் உரிமை எங்கே போயிற்று?

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை எல்லாரும் உண்பவருக்கே ஓதிக்காட்டுகிறோம். பரிமாறுபவர் தமக்கென்று ஓதியதை நாம் கேட்டதில்லை. மற்றவர் பெட்டியில் கள்ளப் பணத்தைப் போடுவதும் குற்றம்தானே? வைத்தியர் தடுத்ததைத் தெரிந்தே ஒருவர் தட்டில் இட்டு, உண்ணாவிட்டால் மனம் புண்படும் என்று பயமுறுத்துவதை உபசாரம் என்ற கணக்கில் எழுத நமக்குக் கை வரவில்லை.

இங்கே சஹனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தட்டைச் சுற்றி இருவரோ நால்வரோ அமர்ந்து உண்ணும் நம் வழக்கத்தைச் சுகாதாரத்துக்கு விரோதம் என்று இளைஞர் சிலர் இகழ்கின்றனர். நாம் கவனித்தவரை சஹனில்தான் ஒருவர் கௌரவமாகக் குறைத்து உண்ண முடிகிறது. கையை மெதுவாக நகர்த்தினால் யாரும் கணக்கெடுப்பதில்லை. மற்றவர் கைகள் தட்டைக் காலி செய்துவிடும். ஆளுக்கொரு தட்டு வைத்த பிறகே மிச்சம் வைப்பது கண்ணில் பட்டது. 'மறுசோறு' என்ற படையெடுப்பும் உக்கிரமாயிற்று. ஆனால் பக்கத்திலிருப்பவர் அன்பு மிகுந்து நல்ல துண்டுகளை எல்லாம் நம் பக்கம் தள்ளினால் சஹனும் காப்பாற்றாது.

வேறொரு சந்தேகத்தையும் அன்பர் எழுப்பினார். எடை குறைய வேண்டும் என்றே திங்களும் வியாழனும் நோன்பு வைத்தால் அது நோன்பாகுமா? நிய்யத்தின் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். அனுபவத்தைச் சொல்லலாம். ரமலானில் இறங்கும் ஒரு கிலோ பெருநாள் முடிந்து சில வாரத்தில் திரும்பி வந்துவிடுவதைப் பலரிடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வடையும் சமோசாவும் இனிப்பு நீருமாக நோன்பு திறக்கும் வீடுகளில் அந்த ஒரு கிலோவும் இறங்குவதில்லை. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் வேளையைத் தள்ளினாலும் சோற்றைத் திடீரென்று குறைத்தாலும் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். இதில் யாரும் துணிச்சல் காட்டவேண்டாம்.

இனி நம் தொழிலுக்கு வருவோம். நம்மில் பாதிப்பேர் உணவை விற்றுப் பிழைக்கிறோம். 2023 டிசம்பர் இறுதி முதல், கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு ஏ முதல் டி வரை தரம் குறிக்கும் சட்டம் நீட்டிக்கப்பட்டது. அதைச் சங்கடம் என்று முணுமுணுத்தவர்களில் நாமும் உண்டு. ஆனால் தராசின் முள் தெரியும்படி நிறுக்க வேண்டும் என்பது நமக்குப் பழைய சட்டமாயிற்றே. 'கொசோங்' கேட்டு வருபவரைக் கஞ்சனைப் பார்ப்பது போலப் பார்க்கும் தே கலக்குபவரை என்ன சொல்வது? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் நாமல்லவா?

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவை அன்பருக்குப் படித்துக் காட்டினோம். தினம் அரை மணி நடை, சர்க்கரையும் தீட்டிய மாவும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து கூடுதல். இவ்வளவுதான். நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. விசேஷம் என்னவென்றால் அவர்களின் எடை சொல்லும்படி இறங்கவே இல்லை! தராசு சொல்வது மட்டுமே லாப நஷ்டம் அன்று என்று தெரிந்ததும் அன்பர் முகம் தெளிந்தது.

இப்போது அவர் வீட்டில் ஒரே உலை. சோறு உண்டு, அகப்பை சிறிது. சுகாதார மேம்பாட்டு வாரியம் படம் போட்டுக் காட்டுவது போல எல்லார் தட்டிலும் பாதி காய்கறியும் பழமும். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்களாம். குவீன்ஸ்டவுன் இந்நாட்டின் முதல் துணை நகரம். குடியேறியவர்கள் அங்கேயே முதுமை அடைந்த இடம். 2021-இல் அதைச் சுகாதார வட்டாரமாக்கும் திட்டத்தைத் தொடங்கியதும் அதனால்தான். 2011-இல் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதை இன்று நடைபாதை. சுபுஹு தொழுதுவிட்டு அன்பரும் மனைவியும் டாங்லின் ஹால்ட் பக்கமாக அதில் நடக்கிறார்கள். ஏழு மாதத்தில் நான்கு கிலோ. வைத்தியர் கேட்டதில் இரண்டு பாக்கி.

அடுத்த மாதம் அவர் மகளுக்கு நிக்காஹ். விருந்துக்குச் சஹனா, ஆளுக்கொரு தட்டா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வட்டலப்பம் கட்டாயம் உண்டு என்று சம்பந்தி வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள்.