விலகிச் செல்வோரும் இறைவனின் துயரும்: ‘மனஸ்தாபம்’ என்னும் சொல்வழி ஒரு நோக்கு

முன்னுரை

விருப்பும் வெறுப்பும் அற்றவன் இறைவன் என்பது திருக்குறளின் கடவுள் வாழ்த்துக் காட்டும் கருத்து. கிரேக்க மெய்யியலின் வழிவந்த கிறித்தவ இறையியலாரும் நெடுங்காலம் கடவுளைத் துன்பம் தீண்டாதவர் என்றே வரையறுத்தனர். ஆயினும் விவிலியம், தம்மைவிட்டு விலகும் மக்களை எண்ணித் துயருறும் கடவுளையும் காட்டுகிறது. துயருறும் கடவுள் குறையுடையவரா? அத்துயரைச் சொல்லி விலகியோரை நெருக்குதல் அறமாகுமா? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

ஹென்றி பவர் தலைமையிலான குழுவினரின் தமிழ் விவிலியத் திருத்தம் 1871இல் வெளிவந்தது. அதன்வழி இன்று சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பதிப்பில், ஆதியாகமம் 6ஆம் அதிகாரம் கடவுளின் துயரை ‘மனஸ்தாபம்’, ‘விசனம்’ என்னும் சொற்களால் குறிக்கிறது. முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் ஒரு முரண் தோன்றுகிறது. சவுலை அரசனாக்கியதற்காகக் கடவுள் மனஸ்தாபப்பட்டதாக 11, 35ஆம் வசனங்கள் கூறுகின்றன. அவர் மனஸ்தாபப்படுவதில்லை என்று 29ஆம் வசனம் கூறுகிறது. எபிரேய மூலத்திலும் மூன்றிடத்தும் வருவது ஒரே வினைச்சொல்லே.

இதனை நூலாசிரியரின் கவனப்பிழை எனத் தள்ளுதல் பொருந்தாது. 29ஆம் வசனம் மறுப்பது மனிதர்க்குரிய நிலையாமையை. ஏனைய இரண்டும் உரைப்பது உறவு முறிந்த வேதனையை. கடவுளின் நோக்கம் மாறுவதில்லை, எனினும் அவர் உள்ளம் வாளாவிருப்பதுமில்லை என்பதே அதிகாரத்தின் முழுப்பொருள் எனலாம்.

‘மனஸ்தாபம்’ என்பது மனத்தின் வெம்மை எனப் பொருள்படும். இன்றைய வழக்கில் அச்சொல் நெருங்கிய இருவரிடையே நேரும் பிணக்கைக் குறிக்கிறது. அறிமுகமற்றோரிடையே மனஸ்தாபம் நேர்வதில்லை. எனவே இத்துயர் குறையின் அடையாளமன்று, உறவின் அடையாளம். அன்பு செய்யும் ஆற்றலும் அதனால் வருந்தும் ஆற்றலும் ஒன்றே என்னும் கருத்தைக் கசோ கிட்டமோரி 1946இலும் யூர்கன் மோல்ட்மன் 1972இலும் தத்தம் நூல்களில் விரித்துரைத்தனர்.

தாயின் இரங்கலும் தந்தையின் இரங்கலும்

தமிழ் அகமரபில் இதனை ஒப்புநோக்கத்தக்க இடம் உடன்போக்கு. தலைவி தலைவனுடன் சென்றபின் நற்றாயும் செவிலியும் இரங்குவர். கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில், தேடிச் செல்லும் செவிலிக்கு வழியிடைக் கண்ட அந்தணர், முத்துப் பிறந்த கடலுக்கு அம்முத்தால் பயனில்லை என்பது போன்ற உவமைகளால் மகளின் செலவு அறத்தொடு பட்டதென உணர்த்துகின்றனர். இங்குத் துயர் உண்மையானது. ஆயினும் அது மகளைத் தடுக்கும் உரிமையாக மாறுவதில்லை.

ஓசேயா 11ஆம் அதிகாரத்தில் கடவுள் எப்பிராயீமுக்கு நடைபழக்கிய தந்தையாகப் பேசுகிறார். அங்கு மகன் செல்லும் வழி கேடானது என்பது வேறுபாடு. எனினும் கட்டாயம் அங்கும் இல்லை. லூக்கா 15ஆம் அதிகாரத் தந்தையும் பங்கைக் கேட்ட மகனுக்கு அதனைப் பிரித்தளித்து, அவன் செல்ல விடுகிறார்.

கண்ணீரும் கட்டாயமும்

கண்ணீரே ஒரு கட்டாயம் ஆகாதா என வினவலாம். ஆகலாம், தாயின் அழுகை கோலினும் வலிதாக அடிப்பதுண்டு. ஆனால் லூக்கா 19ஆம் அதிகாரத்தில் இயேசு அழுவது எருசலேமுக்குள் நுழையுமுன். நகர மாந்தரை இளகச் செய்யும் கருவியாக அக்கண்ணீர் காட்டப்படவில்லை. வரவிருக்கும் அழிவை உரைக்கும் அச்சொற்களில் வெற்றிக்களிப்பும் இல்லை. தம் மக்களுள் ஒருவராய் நின்று அவர் சிந்திய கண்ணீரைப் பிற்கால ஐரோப்பியக் கிறித்தவர் பலர் யூதர்மீதான குற்றச்சாட்டாக மாற்றியது, துயரின் பொருளையே திரித்த செயலாகும்.

ஐதராபாத்துச் சான்று

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு ஐதராபாத்து சான்று பகரும். உருது மொழியில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்த ஹென்றி மார்ட்டினின் (1781–1812) பெயரால் 1930இல் லாகூரில் தொடங்கப்பெற்ற ஆய்வு நிறுவனம் 1971இல் இந்நகருக்கு இடம்பெயர்ந்தது. இசுலாமியரிடையே பணியாற்றும் கிறித்தவ ஊழியர்க்குப் பயிற்சியளிக்கத் தோன்றிய அது, காலப்போக்கில் சமயங்களிடையே புரிதலையும் ஒப்புரவையும் வளர்ப்பதைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. இசுலாமியக் கோட்பாட்டில் இறைவன் எத்தேவையும் அற்றவன். மறுப்போரை எண்ணி வருந்துபவர் தூதர். அவ்வருத்தத்தால் தம்மை மாய்த்துக்கொள்ள வேண்டா எனக் குர்ஆன் அவரை ஆற்றுவிக்கிறது. சமயத்தில் வற்புறுத்தல் இல்லை என்பதும் அதன் இரண்டாம் அத்தியாயம் கூறும் நெறி. துயர் யாருக்குரியது என்பதில் இரு சமயங்களும் வேறுபடுகின்றன. துயர் வன்முறையாகலாகாது என்பதில் உடன்பட இடமுண்டு.

முடிவுரை

தடுக்கும் ஆற்றலிருந்தும் தடுக்காதவரிடத்தே துயர் தங்குகிறது. ஆதலின் இறைவனின் துயர் மனிதனின் உரிமைக்கு அவர் அளிக்கும் மதிப்பின் மறுபக்கம் எனக் கொள்ளலாம். சபையையோ குடும்பத்தின் சமயத்தையோ விட்டு விலகுவோரிடம், அவரால் கடவுள் அழுகிறார் எனக் கூறி அச்சுறுத்துவோர் அத்துயரில் பங்குகொள்வதில்லை, அதனைக் கருவியாக்குகின்றனர். பங்குகொள்வோர் வருந்துவர், வாயிலை அடையார்.