மரக்காலும் ஜார்ஜ் ஐசரும்

1904ஆம் ஆண்டு அக்டோபர் 29. செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ஜார்ஜ் ஐசர் ஒரே நாளில் மூன்று தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றார். ஜெர்மனியின் கீல் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். கட்டுமான நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தார். அவருடைய இடது கால் மரத்தாலானது; ரயில் கால்மீது ஏறியதில் அதை இழந்ததாகச் சொல்வார்கள்.

உடலை ஆன்மாவின் சிறையாகக் கண்டவர் தத்துவஞானி பிளேட்டோ. கால் ஊனமுற்றிருந்த மற்றொரு தத்துவஞானி எபிக்டெட்டஸ், ஊனம் காலோடு நிற்கும், மனத்தைத் தீண்டாது என்று கற்பித்தார். இந்த மரபில் ஊறியவர்களுக்கு ஐசரின் கதை தித்திக்கும். மனம் உடலை வென்றது என்றுதான் அதை இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் அதே ஆண்டு ஜூலையை என்ன செய்வது?

அதே ஊரில், 100 கெஜ ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் மூன்றும் சேர்ந்த போட்டியில் ஐசருக்கு 118ஆவது இடம், அதாவது கடைசி. ஜூலையில் இல்லாத மன உறுதி அக்டோபரில் திடீரென்று முளைத்ததா? ஓட்டத்துக்குக் கால் வேண்டும். மனம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதுவே ஓடிவிடாது.

அப்படியானால் கைவலிமையால்தான் வென்றார் என்று கணக்கை முடித்துவிடலாமே என்று தோன்றும். 25 அடிக் கயிற்றில் 7 நொடியில் ஏறியதற்கும், பாரலல் பார்ஸ் தங்கத்துக்கும் அது பொருந்தும். வால்ட் போட்டிக்குப் பொருந்தாது. அங்கே நீளக் குதிரையைத் தாண்ட எம்ப வேண்டும். அதிலும் சக வீரர் ஆன்டன் ஹெய்டாவோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார் ஐசர்.

விடை பயிற்சிக்கூடத்தில் இருக்கிறது. 1811இல் பெர்லின் ஹாசன்ஹைடே திடலில் யான் என்ற ஆசிரியர் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கம், ஜெர்மானியக் குடியேறிகளோடு அமெரிக்கா போனது. செயின்ட் லூயிஸில் கான்கார்டியா சங்கமாக வளர்ந்த அந்த மரபில்தான் ஐசர் பழகினார். உடலை ஒதுக்கி மனத்தை உயர்த்தும் பாடம் அங்கே கிடையாது. உடலைப் பழக்குவதே ஒழுக்கம்.

பார்வையற்றவரின் கைத்தடி, பழகப் பழக அவருடைய தொடுபுலனின் நீட்சியாகிவிடும் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி மெர்லோ-போன்டி 1945இல் எழுதினார். ஐசரின் மரக்காலுக்கும் இதுவே நடந்திருக்க வேண்டும். தாண்டும்போது எடையை எங்கே சாய்ப்பது, இறங்கும்போது எப்படி ஊன்றுவது என்பதைத் தோளும் இடுப்பும் மரமும் சேர்ந்தே கற்றன. அந்தக் கல்வியைப் பெற்றது உடல். அந்த உடல்தான் ஐசர்.

1908இல் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் 1909இல் சின்சினாட்டியிலும் நடந்த போட்டிகளில் வென்ற கான்கார்டியா அணியில் அவர் இருந்தார். 1919இல் இறந்தார். அவருடைய தங்கங்களை மன உறுதிக்கு மட்டும் எழுதிவைப்பது, அவற்றை ஈட்டிய உடலுக்குச் செய்யும் அநீதி.