வேட்டை எனும் விளையாட்டு

குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துக்கு ஆனையிறவு என்று பெயர். நாள்தோறும் எத்தனையோ பேர் அதனைக் கடந்து செல்கின்றனர். அங்குள்ள உப்பளத்தை அறிவோம். அங்கு நடந்த போரையும் அறிவோம். ஆனால் அப்பெயருக்கு உரிய யானைகள் எங்கே போயின என்று கேட்பவர் அரியர். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் அவ்வழியாகவே கடனீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் நடத்திவரப்பட்டன; ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். யாழ்ப்பாணத்தில் நடந்த விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்தனர். அந்நாளில் யானை ஒரு பண்டம். ஓர் உயிரைப் பண்டமாக்குவதும் கொடுமைதான். எனினும் பண்டத்தை அழிப்பவனுக்கு நட்டம் என்ற சிறு காப்பேனும் அவ்விலங்குக்கு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், பிரித்தானியர் ஆட்சியில், அக்காப்பும் போயிற்று. யானை விளையாட்டுப் பொருளாயிற்று.

அந்த விளையாட்டின் அளவைச் சில எண்கள் காட்டும். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜேர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாக, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது பெருநூலில் எழுதுகிறார். அவருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட வேறு அதிகாரிகளும் இருந்தனர். இவை ஓய்வு நாட்களில், நண்பர் குழாத்துடன், கூடாரமடித்துத் தங்கி ஆடிய ஆட்டத்தின் கணக்கு. இதற்குப் புறம்பாக, பயிரைக் காப்பதற்கென்று அரசாங்கம் தலைக்குச் சில சிலிங் வீதம் வெகுமதி அறிவித்தது. 1848க்கு முற்பட்ட மூன்று ஆண்டுகளுக்குட் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்பதும் தெனன்ற் தரும் செய்தியே. அந்நாளைய வட மாகாணம் இன்றைய அநுராதபுரப் பிரதேசத்தையும் உள்ளடக்கியிருந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இலங்கை யானைகளில் ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆகவே தந்தத்துக்காகச் சுட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. பெரும்பாலான உடல்கள் வீழ்ந்த இடத்திலேயே அழுகின.

இலங்கையிற் பழகிய கை ஆபிரிக்காவுக்கும் சென்றது. நுவரெலியாவிற் பண்ணை அமைத்து வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இங்குள்ள வேட்டை வாழ்வைப் புத்தகங்களாக எழுதிப் புகழ் பெற்றவர். பின்னர் ஆபிரிக்கா சென்று 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர். ‘சபாரி’ என்ற சொல் சுவாகிலி மொழியிற் பயணத்தைக் குறிப்பது. அப்பயணம் வேட்டை என்று பொருள்படலானது வெள்ளையர் துப்பாக்கியோடு சென்ற பின்னரே. அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து 1909இல் விலகிய தியோடர் ரூஸ்வெல்ற், அவ்வாண்டிலேயே தம் மகனுடன் கிழக்கு ஆபிரிக்கா சென்று, 1910 வரை நடத்திய பயணத்தில் இருவருமாகச் சுட்ட பெருவிலங்குகள் 512. நூதனசாலைக்கு மாதிரி சேகரிப்பது நோக்கம் என்று கூறப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட சுமைகாரர் அப்பயணத்தின் பொதிகளைத் தலையிற் சுமந்து நடந்தனர்.

உயர் வகுப்பிற் புறநானூறு படிப்பிக்கும்போது மாணவன் ஒருவன் எம்மிடம் கேட்டான்: “சேர், வல்வில் ஓரி கொன்றால் வீரம், வெள்ளைக்காரன் கொன்றால் மட்டும் கொலையோ?”

நேர்மையான கேள்வி. வன்பரணர் பாடிய ஓரியின் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, ஈற்றில் உடும்பிற் சென்று தைத்தது. அதனைப் பாடமாகப் படிப்பித்துப் பரீட்சையிற் புள்ளியும் இடுகின்ற நாம், ரொஜேர்ஸை மாத்திரம் பழித்தால் அது இனப்பற்றேயன்றி அறம் ஆகாது.

‘எவ்வுயிரையும் கொல்லாதிரு’ என்பது ஒரு விடை. திருக்குறளில் கொல்லாமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. அவ்விடையின் உயர்வை நாம் மறுக்கவில்லை. ஆயின் அது எல்லாக் கொலையையும் ஒரே நிறையாக நிறுக்கிறது. வலையிழுக்கும் குருநகர் மீனவனும், பன்றிக்கு அஞ்சி இரவெல்லாம் காவற்குடிலில் விழித்திருக்கும் வன்னிக் கமக்காரனும், யானை சுட்டுப் பொழுதுபோக்கும் துரையும் அத்தராசில் ஒன்றாகிவிடுகின்றனர். அப்படி ஒன்றாக்கும்போது நன்மையடைபவர் துரையே. எல்லோரும் பாவிகள் என்றால் எவரும் குற்றவாளி அல்லர்.

வேறொரு சோதனை வேண்டும். விலங்கு தானாகவே திரும்பிப் போய்விட்டால் கொல்ல வந்தவன் என்ன எண்ணுவான்? வயலுக்குள் வந்த யானை வேலியைத் தொடாமற் காட்டுக்குட் சென்றால், கமக்காரன் கடவுளைக் கும்பிட்டுவிட்டு உறங்கப் போவான். பசிக்காக மான் தேடிச் சென்றவனுக்கு வழியில் ஒருவர் அரிசிப் பையைக் கொடுத்தால் அவன் மகிழ்ந்து வீடு திரும்புவான். இருவருக்கும் வேண்டியது வேறொன்று. கொலை அதற்கு வழியாக வந்தது. துரையோ, யானை தப்பிவிட்டால் ஏமாற்றமடைகிறார். அந்த நாளே வீணாயிற்று என்கிறார். அவர் வேண்டி வந்தது அந்தச் சாவையே. விளையாட்டு வேட்டைக்கும் ஏனைய கொலைகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலேதான் இருக்கிறது. ஓரியையும் இச்சோதனைக்கு உட்படுத்தலாம். அவன் அந்த வேட்டையின் இறைச்சியைப் பசித்து வந்த பாணர் சுற்றத்துக்கு அளித்தான். அதனாலேயே பாடல் பெற்றான். ஆயினும் ஐந்து விலங்குகளை ஓரம்பால் வீழ்த்திய ஆற்றலை வியக்கும் பகுதி, பரிசில் பெற்றவர் வாயிலிருந்து வருவது என்பதையும் மாணவருக்குச் சொல்லியே ஆகவேண்டும். தமிழர் என்பதற்காக அவனுக்குத் தனித் தராசு கிடையாது.

வேட்டைப் பிரியர் இதற்கு மறுமொழி கூறுவர்: “நாம் விரும்புவது சாவையன்று. காட்டின் அமைதி, தடம் பார்க்கும் திறன், ஆபத்தை எதிர்கொள்ளும் துணிவு, தீமூட்டிச் சுற்றியிருக்கும் நண்பரின் தோழமை ஆகியவற்றையே விரும்புகிறோம்.” இவை யாவும் நல்லவை. அப்படியாயின் யாலையிலும் வில்பத்துவிலும் இன்று புகைப்படக் கருவியோடு செல்வோர் இவற்றிற் பெரும்பாலானவற்றை ஒருயிரையும் கொல்லாமற் பெறுகின்றனரே! அமைதியையும் திறனையும் தோழமையையும் கழித்தபின் துப்பாக்கி மாத்திரம் தருகின்ற மிச்சம் யாது? தன்னிலும் பெரிய ஓர் உயிர் தன் விரலசைவில் விழுந்தது என்ற நினைப்பே அது. அதற்கு ஆதிக்க இன்பம் என்று பெயரிடுவோம்.

அத்தோழமையும் எவருடைய தோழமை? துரைமாரின் புத்தகங்களில் விருந்து உண்ட நண்பருக்குப் பெயர் உண்டு. தடம் காட்டியவன், இரண்டாவது துப்பாக்கியைச் சுமந்து நின்றவன், தண்ணீர் அள்ளியவன் ஆகியோர் பெரும்பாலும் பெயரின்றியே வந்து போகின்றனர். யானைகள் வீழ்ந்த அதே 1840களில், கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக மலைநாடு நோக்கி நடந்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உறுதியில்லாத காட்டையெல்லாம் அரசின் சொத்தாகக் கொண்டது. அக்காடு பின்னர் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. யானைக்கு இருப்பிடமும் கிராமத்தவனுக்குச் சேனை நிலமும் ஒரே சட்டத்தாற் குறைந்தன.

இதனால், விலங்கைக் கொல்பவன் மனிதனையும் கொடுமைப்படுத்துவான் என்று முடிவுகட்டிவிடுவதும் பிழை. பேக்கரையே பாருங்கள்: அவர் 1869 முதல் 1873 வரை எகிப்திய ஆட்சியாளரின் சார்பில் நைல் நதியின் மேற்பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒடுக்கப் படை நடத்தியவர். நல்லெண்ணம் உள்ளவரும் ஒரு தவறான இன்பத்தைத் தவறென்று காணாமலே வாழ்ந்துவிட முடியும். அவரைச் சூழ்ந்த சமுதாயம் அதனைப் பெருமை என்று கற்பித்தது. ஆகையினால் நாம் ஆராயவேண்டியது தனிமனிதரின் குணத்தை மாத்திரமன்று. அந்தப் பெருமையை உற்பத்தி செய்த ஏற்பாட்டையும் ஆராயவேண்டும்.

இன்று வேட்டைக்கு வலுவான நியாயம் ஒன்று கூறப்படுகிறது. செல்வர் செலுத்தும் பணம் காட்டைக் காக்கிறது என்பதே அது. 2015இல் சிம்பாப்வேயில், குவாங்கே சரணாலயத்துக்கு வெளியே, ஆராய்ச்சியாளர் கழுத்துப்பட்டி அணிவித்திருந்த சிசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கப் பல்வைத்தியர் கொன்றார். அதற்காக அவர் ஏறத்தாழ 50,000 டொலர் செலுத்தியதாகச் செய்திகள் கூறின. உலகம் கொதித்தது. அப்பொழுது சிம்பாப்வேயைச் சேர்ந்த ஒரு மாணவர் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் எழுதிய கட்டுரை பலரைத் திடுக்கிடச் செய்தது. தம் கிராமத்திற் சிங்கம் என்றால் அச்சம் என்றும், அது இறந்தாற் கிராமத்தவர் ஆறுதலடைவர் என்றும், தம் நாட்டு மனிதருக்கு அழாத உலகம் சிங்கத்துக்கு அழுவது வியப்பு என்றும் அவர் எழுதினார்.

இக்குரலை அலட்சியம் செய்ய நமக்கு உரிமையில்லை. கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. அதன் பின்னரும் அங்கு காட்டுவிலங்குகளின் தொகை பெருமளவிற் குறைந்தது. நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கிராமத்தவர் தம் பிரதேச விலங்குகளைத் தாமே நிருவகித்து, வேட்டை வருமானத்திலும் இறைச்சியிலும் பங்கு பெறுகின்றனர். யாழ்ப்பாணத்தில் அமர்ந்துகொண்டு அந்த மக்களிடம் ‘அப்பணத்தை வாங்காதீர்கள்’ என்று நாம் கட்டளையிட முடியாது. ஆனால் ஒன்று கூறலாம். ஒரு கிராமம் தன் தேவைக்காக ஒரு செயலுக்கு இடங்கொடுப்பதால், பணம் கொடுத்து அதனைச் செய்பவனின் இன்பம் தூய்மையாகிவிடாது. ஏழையின் பாடசாலையும் கிணறும் செல்வனின் கொலை ஆசையிற் தங்கியிருக்கவேண்டிய நிலை எவ்வாறு வந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அக்கிராமத்தவரைக் குறைகூறாமலே அந்நிலையைக் குறைகூறுதல் இயலும்.

அந்த மாணவரின் குரல் நமது வாசலிலும் கேட்கிறது. குடாநாட்டிற் காட்டு யானை இல்லை. ஆகையால் யானைக்கு இரங்குவது நமக்குச் செலவில்லாத இரக்கம். ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழும் கமக்காரனுக்கு, அறுவடைக்கு முன்னைய ஓரிரவில் ஆண்டு முழுவதன் உழைப்பும் போய்விடுகிறது. சிலவேளை உயிரும் போய்விடுகிறது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். சுடப்பட்டும், சட்டவிரோத மின்கம்பியில் அகப்பட்டும், உணவுக்குள் மறைத்த வெடியால் வாய் சிதைந்தும் யானைகள் இறக்கின்றன. வெடி வைப்பவனின் செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. பல நாள் பட்டினி கிடந்து ஓருயிர் சாவதற்கு எந்தத் தேவையும் நியாயம் ஆகாது. ஆனால் அவனைத் தண்டிப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர், 19ஆம் நூற்றாண்டு அரசாங்கம் சில சிலிங்குடன் முடித்த கணக்கையே மறுபுறமாக எழுதுகின்றனர். யானைகளைக் காட்டுக்குள் அடைக்க முயல்வதை விடுத்து, ஊரையும் வயலையும் சுற்றி, கமக்காரரே பராமரிக்கும் மின்வேலிகளை அமைக்கலாம் என்று அறிஞர் கூறுகின்றனர். 2020இல் இதற்கென ஒரு தேசியச் செயல்திட்டமும் வகுக்கப்பட்டது. அதனை ஊரூராக நிறைவேற்றப் பணமும் முயற்சியும் வேண்டும். யானைக்காகக் கண்ணீர் விடும் நகரத்தவர் அதற்காகவும் குரல் கொடுக்கவேண்டும்.

மேஜர் ரொஜேர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் பழி அவரைச் சுட்டது என்று நம்பியோர் உண்டு. இக்கதையை மாணவர் ஆவலோடு கேட்பர். நாம் அதனை அறக்கதையாகச் சொல்வதில்லை. மின்னல், மாரி மழையில் நாற்று நடும் கூலிப் பெண்ணையும் தாக்குகிறது. அவள் எந்த யானையைக் கொன்றாள்? வானம் தண்டிக்கும் என்று நம்பியிருப்போர், மூன்றாண்டுகளுக்குள் 3,500 உயிர் வீழ்ந்ததை எவரும் தடுக்கவில்லை என்ற உண்மையை மறந்துவிடுகின்றனர். நீதி மனிதர் செய்வது. சட்டத்தாலும் கல்வியாலும் கூட்டு முயற்சியாலும் மெல்ல மெல்லச் செய்வது. இலங்கையின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்ததும் அவ்வாறே.

அடுத்த முறை அந்தப் புறப்பாட்டைப் படிப்பிக்கும்போது, ஓரியின் வில்லாற்றலோடு நிறுத்தாது, அந்த இறைச்சி யாருக்குச் சென்றது என்று மாணவரைக் கேட்போம். அதன்பின் ரொஜேர்ஸின் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அவ்வுடல்கள் யாருக்குப் பயன்பட்டன என்றும் கேட்போம். விடையை அவர்களே சொல்லட்டும்.