மானுக்கு விதித்த குண்டும் மனிதனுக்கு விலக்கிய குண்டும்

1899 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் திகதி ஹேக் நகரிற் கூடிய அரசுகள் ஒரு பிரகடனத்தை வெளியிட்டன. மனித உடலினுள் இலகுவாக விரியக்கூடிய, அல்லது தட்டையாகக்கூடிய குண்டுகளைப் போரிற் பயன்படுத்துவதில்லை என்பது அதன் சாரம். அத்தகைய குண்டு தேவைக்கு மேலான வேதனையைத் தருகின்றது என்பதே கூறப்பட்ட காரணம். இங்கிலாந்திலும் வேல்சிலும் வழங்கும் 1991 ஆம் ஆண்டின் மான்கள் சட்டமோ, றைபிளினால் மானைச் சுடுபவன் மென்முனைக் குண்டையோ குழிமுனைக் குண்டையோ, அதாவது உடலினுட் சென்று விரியும் குண்டையே, பயன்படுத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. இதற்குக் கூறப்படும் காரணமும் இரக்கமே. மனிதன்பாற் கொண்ட இரக்கத்தால் விலக்கப்பட்ட பொருள் மான்பாற் கொண்ட இரக்கத்தாற் கட்டாயமாகியிருக்கின்றது.

இதனைச் சட்டப் புத்தகங்களில் நேர்ந்த வேடிக்கையென்று தள்ளிவிடலாகாது. வேட்டைக்காரன் கடையில் நின்று செய்யும் தெரிவை அணுகிப் பார்த்தால், இம்முரணின் அடியில் அறவியல் வினாவொன்று கிடப்பது புலனாகும்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, முனையிற் பொருந்திய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த ஒன்று. வேட்டைக்காரர் பலர் கூட்டின் பெயரைச் சொல்லியே வாதாடுவர். அமெரிக்கப் படைக்கென 1906 இல் அமைந்த ‘தேர்ட்டி ஓட் சிக்ஸ்’ சிறந்ததா, 1952 இல் விற்பனைக்கு வந்த .308 வின்செஸ்ரர் சிறந்ததா, 1955 இன் .243 போதுமா என்று இரவிரவாகப் பேசுவர். இவற்றுள் .308 தோட்டாவும் நேட்டோப் படைகள் 1954 இல் ஏற்ற 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவும் ஏறத்தாழ ஒரே கூடு. ஒன்று போருக்கும் மற்றது வேட்டைக்கும் உரியதாவது பெரும்பாலும் முனையிலுள்ள குண்டினாலேயே. ஆகவே கூட்டைப் பற்றிய வாதத்திலும் பார்க்கக் குண்டைப் பற்றிய வாதமே பொருளுடையது.

படைக்குண்டின் ஈயத்தைக் கடினமான உலோக உறை முற்றாகப் போர்த்தியிருக்கும். அது மானின் உடலில் ஊசிபோல ஒடுங்கிய துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடலாம். அப்போது மான் விழாது. காட்டினுள் ஓடி, எங்கோ ஒரு புதரின் கீழ் மணிக்கணக்காகவோ நாட்கணக்காகவோ துடித்துச் சாகும். மென்முனைக் குண்டு அவ்வாறன்று. உடலிற் பட்டதும் அதன் நுனி காளான்போல விரிந்து, தன் விட்டத்தின் ஏறத்தாழ இருமடங்காகி, நெஞ்சறையைக் கிழிக்கின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நுரையீரலையும் இதயத்தையும் நோக்கிச் சுட்ட குண்டாயின், சில கணங்களிற் குருதி வற்றி மான் வீழ்கின்றது.

விரிதலும் அளவோடு நிகழ வேண்டும். சிறு பிராணிகளுக்கென வார்த்த இலேசான குண்டு மிகு வேகத்தில் மானின் தோளெலும்பிற் பட்டால், மேலெழுந்தவாரியான பெரும் புண்ணை மட்டும் ஆக்கி நொருங்கிப்போகும். தொலைவு கூடி வேகம் குறைந்தாலோ, நல்ல மென்முனைக் குண்டும் விரியாமற் படைக்குண்டைப் போலவே துளைத்துச் செல்லும். எனவேதான் அச்சட்டம் றைபிளின் விட்டம் .240 அங்குலத்துக்கும், குண்டு குழலை விட்டு நீங்கும்போதுள்ள சக்தி 1,700 அடி-இறாத்தலுக்கும் குறையலாகாதென்கின்றது; மிகச் சிறிய மானினங்களுக்கு மட்டும் இதில் தளர்வுண்டு. வலிமை கூடக்கூட நன்றென்று கொள்வதும் தவறு. பின்னுதைப்பு மிகுந்த துவக்கைத் தோளில் வைப்பவன் விசையை இழுக்குமுன்னரே கண்ணை மூடிக்கொள்வான். பெரிய தோட்டா வயிற்றிற் பட்டால் மானுக்கு அதனால் ஒரு நன்மையுமில்லை. தன் தோள் தாங்கக்கூடிய தோட்டாவைத் தெரிந்து, தன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மானைச் சுடாது விடுபவனே இத்தொழிலில் நேர்மையானவன்.

இனி முரணுக்கு வருவோம். மானுக்கு வைத்தியசாலை இல்லை. அதனைச் சுடுபவன் அது சாகவேண்டும் என்று முன்னரே முடிவுசெய்துவிட்டான். மிஞ்சியிருப்பது சாவின் நீளம் மட்டுமே. போர்வீரன் நிலை வேறு. அவனைக் களத்திலிருந்து அகற்றினாற் போதும். காயமுற்ற பின் அவன் எதிரியல்லன். தூக்கிச் செல்லப்பட வேண்டியவன், மருந்திடப்பட வேண்டியவன், என்றோ ஒருநாள் தன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டியவன். ஆதலால் அவனுக்கு ஒடுங்கிய துளை இரக்கமாகின்றது, மானுக்கு அகன்ற புண் இரக்கமாகின்றது. இரு சட்டங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஓர் உயிர் திரும்பிச் செல்ல வேண்டியதா, இல்லையா என்ற தீர்ப்பு குண்டைத் தெரிவதற்கு முன்னரே எழுதப்பட்டுவிடுகின்றது என்பதையே இரண்டும் காட்டுகின்றன.

அத்தீர்ப்பை எழுதுபவர் யார் என்பதே எமக்குரிய கேள்வி. விரியும் படைக்குண்டுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ‘டம்டம்’. அது கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரின் பெயர். அங்கிருந்த பிரித்தானியப் படைக்கலச் சாலையிலே 1890 களின் நடுப்பகுதியில் அக்குண்டு ஆக்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டுச் சித்ரால் போரில், உறையிட்ட .303 குண்டு பாய்ந்த பின்னும் எல்லைப்புற மக்கள் முன்னேறி வந்தனர் என்று படையினர் முறையிட்டனர். அங்கிருந்த அதிகாரி உறையின் முனையை நீக்கி ஈயத்தை வெளித்தெரிய விட்டார். 1897–98 ஆம் ஆண்டுகளின் வடமேற்கு எல்லைப் போரில் அக்குண்டு பத்தாணியர் மீது பொழியப்பட்டது.

ஹேக் மாநாட்டில் இதனை ஆதரித்துப் பேசிய பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டாவின் வாதம் நினைவிற் கொள்ளத்தக்கது. நாகரிகமடைந்த வீரன் காயம்பட்டதும் விலகி வைத்திய உதவியை நாடுவான். நாகரிகமற்றவனோ குண்டு துளைத்த பின்னும் ஈட்டியோடு பாய்வான். ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பதே அவர் கூறியதன் கருத்து. தன் மண்ணைக் காக்க ஓடிவருபவனின் நெஞ்சுரம் இங்கே விலங்கியல்பாகப் பெயர்த்தெழுதப்படுகின்றது! மற்றொரு செய்தியும் உண்டு. அக்குண்டின் கொடுமையை நிறுவ எதிர்த்தரப்பார் காட்டிய சான்றுகளுள், ஜேர்மனியப் பேராசிரியர் புறூன்ஸ் செய்த சோதனைகள் முதன்மையானவை. அவர் சோதித்தவை ஈயம் மிகுதியாக வெளித்தெரியும் வேட்டைக் குண்டுகள், எமது படைக்குண்டுகள் அல்ல என்று பிரித்தானியர் மறுத்தனர். எல்லைப்புற மனிதனை விலங்கின் வரிசையில் வைத்தவர்கள், தம் குண்டுக்கு வேட்டைக்குண்டென்ற பெயர் வருவதை மட்டும் ஏற்கவில்லை.

உண்மையில் அவனை மானின் நிலையிலும் அவர்கள் வைக்கவில்லை. மானைச் சுடுபவன் அதன் வேதனையைச் சுருக்குவதை எண்ணியாவது குண்டைத் தெரிகின்றான். இங்கே எண்ணப்பட்டது பாய்ச்சலை நிறுத்துவது ஒன்றே. நிறுத்தப்பட்டவன் எவ்வளவு நேரம் துடித்தான் என்பது கணக்கில் இல்லை. பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்தன. பிரித்தானியா 1907 இலேயே அதில் இணைந்தது. அப்பிரகடனமும், கையொப்பமிட்ட அரசுகள் தம்முட் செய்யும் போர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. மலைக்குடிகளுக்கு ஹேக் நகரில் நாற்காலி ஏது? அங்கே தீட்டப்பட்ட இரக்கம் அரசுகள் ஒன்றுக்கொன்று செய்துகொண்ட மரியாதையாக அமைந்தது.

கொலையே பாவமாயிருக்க, குண்டில் நல்லதேது தீயதேது என்று கேட்கும் நண்பர்கள் உளர். புலான் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்த மொழிக்கு உரியவர்கள் அவ்வாறு கேட்பது இயல்பே. அக்கேள்வியை நான் இகழேன். ஆயினும் ஓநாய்கள் அழிக்கப்பட்டுவிட்ட பிரித்தானியக் காடுகளில், மான்கள் பெருகி இளமரங்களைத் தின்று தீர்க்கின்றன. ஓநாயை ஒழித்த மனிதன் அதன் வேலையையும் சுமக்க நேர்ந்திருக்கின்றது. கொல்வதென்று முடிவான பின் எவ்வாறு கொல்வது என்பது அறத்தின் எல்லையைக் கடந்துவிடாது. எமது வன்னிக் காடுகளிற் சட்டத்துக்கு மாறாக வைக்கப்படும் கட்டுத்துவக்கை நினைத்துப் பாருங்கள். விலங்கு நடக்கும் தடத்திற் கம்பியைக் கட்டிவிட்டுப் போய்விடுகின்றனர். கம்பியை இடறுவது பன்றியா, மானா, விறகுக்குப் போன கிழவியா என்று பார்க்க அங்கே ஒரு கண் இல்லை. காலிற் காயப்பட்டு அவயவம் இழந்தோர் உளர். வறுமையே பெரும்பாலும் அதனைக் கட்டுகின்றது என்பதை அறிவேன், இடறுபவனும் வறியவனே.

உண்பவனையும் கொலைக்குப் பொறுப்பாளியாக்கியவர் வள்ளுவர். ஆனால் இரந்து உண்பவன் எதற்குப் பொறுப்பாளி? மென்முனைக் குண்டு விரியும்போது ஈயத்துணுக்குகள் புண்ணைச் சுற்றியுள்ள தசையிற் பரவுகின்றன. பல துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாதன. ஈயம் நஞ்சு, குழந்தைகளின் மூளைக்கு அதிற் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை. ஐக்கிய அமெரிக்காவின் நோர்த் டக்கோற்றா மாநிலத்தில், வேட்டைக்காரர் ஏழைகளுக்கென உணவு வங்கிகளுக்கு மான் இறைச்சியைத் தானமளிப்பது வழக்கம். 2008 இல் அவ்வாறு வழங்கப்பட்ட அரைத்த இறைச்சிப் பொதிகளை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, பலவற்றில் உலோகத் துணுக்குகள் காணப்பட்டன. மீதியிருந்ததை எறிந்துவிடும்படி மாநிலச் சுகாதாரப் பகுதி அறிவுறுத்தியது.

கலிபோர்னியாவில் எதிர்ப்பு வேறொரு பக்கத்திலிருந்து எழுந்தது. சுடப்பட்ட விலங்குகளின் எச்சத்தைத் தின்று கொண்டோர்க் கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தன. 2013 இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 ஜூலை 1 முதல் அம்மாநிலம் எங்கும் வேட்டையில் ஈயக் குண்டை விலக்கியது. அருகிப்போன கழுகுக்காகப் பேச அறிஞரும் சங்கங்களும் இருந்தமை நன்றே. டக்கோற்றாவில் அரைத்த இறைச்சியை அதற்கு முன்னர் வாங்கிச் சென்ற குடும்பங்கள் அதனை உண்டு முடித்திருந்தன. துணுக்குகளைச் சிதறாமல் விரியக்கூடிய, முழுதும் செம்பாலான வேட்டைக் குண்டு அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டுக் கடைகளுக்கு வந்திருந்தது. விலைதான் சற்றுக் கூடுதல்.